தினமும் ஆடத் தோன்றும் கோல்ஃப் மைதானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாழ்நாளில் ஒருமுறை ஆடிப் படம் எடுத்துக்கொண்டு வரும் மைதானம் வேறு. காலையில் எழுந்ததும் கால் தானாகப் போகும் மைதானம் வேறு. இந்தப் பக்கம் இரண்டாவது வகையைப் பற்றியது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் உள்ள ஓல்டு கோர்ஸிலிருந்து வருகின்றன.

அடிப்படைச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முதல் அடியைத் தொடங்கும் சமதளம் டீ. கொடியும் குழியும் உள்ள, மிக ஒட்ட வெட்டிய புல்பரப்பு கிரீன். இரண்டுக்கும் இடையில் சீராக வெட்டிய பாதை ஃபேர்வே; அதன் ஓரத்து நீளப் புல் ரஃப். மணல் பள்ளம் பங்கர். டீ முதல் கிரீன் வரை உள்ள மொத்தத்தையும் ஹோல் என்கிறோம். பந்து விழும் துளையை இங்கே குழி என்றே எழுதுகிறோம். ஒரு சுற்றுக்கு 18 ஹோல். ஓல்டு கோர்ஸில் 22 ஹோலாக இருந்த சுற்று 1764இல் 18 ஆனது. பின்னால் உலகம் முழுக்க அந்த எண்ணே நிலைத்துவிட்டது.

ஓல்டு கோர்ஸ் சாம்பியன்கள் ஆடும் இடமாயிற்றே. அன்றாட ஆட்டத்துக்கு அதை ஏன் எடுத்துக்காட்டுகிறீர்கள்?

2022 வரை பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டியான ஓப்பன் 30 முறை அங்கே நடந்திருப்பது உண்மை. ஆனால் அது ஒரு கிளப்புக்குச் சொந்தமான இடம் கிடையாது. 1894இல் சட்டம் மூலம் ஊரின் கைக்கு வந்த பொது நிலம் அது. 1974 முதல் ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. ஊர்க்காரர்கள் ஆண்டுச் சீட்டு வாங்கி ஆடுகிறார்கள்; வெளியூர்க்காரர்களில் பலர் குலுக்கலில் பெயர் கொடுத்து நேரம் பெறுகிறார்கள். வாரத்துக்கு மூன்று நாள் அதே 18 ஹோலை ஆடும் ஒரு கடைக்காரருக்கும், உலகின் முதல் நிலை ஆட்டக்காரருக்கும் ஒரே நிலம் ஈடு கொடுக்கிறது. எப்படி என்று பார்த்தால் நம் கேள்விக்கான விடையில் பாதி கிடைத்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. முதல் பார்வைக்கு அது பிடிக்காமல் போவது வழக்கம். அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் 1921 ஓப்பனின் மூன்றாம் சுற்றில், 11ஆவது ஹோலின் பங்கரில் சிக்கித் திணறி, ஆட்டத்தைப் பாதியில் விட்டார். அவரே 1927இல் அங்கே ஓப்பனை வென்றார், 1930இல் அமெச்சூர் பட்டத்தையும் வென்றார். 1958இல் அந்த ஊரே அவருக்குக் கௌரவக் குடியுரிமை தந்தது. பழகப் பழகப் பிடித்துப்போகும் மைதானம்தான் தினமும் ஆடத் தாங்கும்.

ஃபேர்வே அகலமாக இருந்தால் ஆட்டம் சுலபமாகி அலுத்துவிடாதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். அலுக்காது, அகலம் சரியாகப் பயன்பட்டிருந்தால் ஆட்டம் இன்னும் ஆழமாகும்.

இருபுறமும் மரம் அடைத்த 25 கஜ அகலப் பாதையில் ஆட்டக்காரருக்கு ஒரே ஒரு முடிவுதான் உண்டு: நேராக அடி. நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். 60 கஜ அகலம் கொடுத்து, கிரீனைக் கொஞ்சம் சாய்த்து, அதன் ஒரு மூலையில் ஒரு பங்கரை வைத்துப் பாருங்கள். கொடி இடது மூலையில் இருக்கும் நாளில் வலது ஓரத்திலிருந்து வழி திறக்கும். கொடி வலப்பக்கம் மாறினால் நேற்றைய நல்ல இடம் இன்று கெட்ட இடம். ஃபேர்வேயில் விழுந்தாலும் எந்தப் பக்கம் விழுந்தோம் என்பது கணக்கில் வரும். புதிதாக ஆடுபவர் எங்காவது விழுந்து, ஓர் அடி கூடப் போட்டு மகிழ்ச்சியாகப் போவார். கை தேர்ந்தவர் பத்து கஜத்துக்காகக் கவலைப்படுவார்.

ஓல்டு கோர்ஸின் 16ஆவது ஹோல் இதற்கு நல்ல பாடம். பாதையின் நடுவில் 'பிரின்சிபல்ஸ் நோஸ்' என்ற பங்கர் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. வலப்பக்கம் பழைய ரயில் பாதை ஓரத்து வேலி. அதைத் தாண்டினால் பந்து எல்லைக்கு வெளியே. பங்கருக்கும் வேலிக்கும் நடுவே நுழைத்தால் கிரீனுக்கு நல்ல கோணம் கிடைக்கும். இடப்பக்கம் தாராளமான இடம், ஆபத்து குறைவு. ஆனால் அங்கிருந்து அடுத்த அடி கடினம். காற்று எதிரே வீசும் நாளில் ஒரு முடிவு, பின்னால் வீசும் நாளில் வேறு முடிவு. 17ஆவதிலும் இதே தர்க்கம்: வலப்பக்க எல்லையை ஒட்டி அடிக்கத் துணிந்தவருக்குக் கிரீன் திறந்து கிடக்கும், இடப்பக்கம் ஒதுங்கியவருக்கு 'ரோடு ஹோல்' என்ற பங்கர் குறுக்கே நிற்கும்.

நீளமான 14ஆவது ஹோலை ஆட நான்கு வெவ்வேறு வழிகள் உண்டு என்று மைதான வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கன்சி படம் வரைந்தே காட்டினார். 1924இல் முழு மைதானத்தையும் அளந்து வரைபடமாக்கியவர் அவர். ஒரு ஹோலுக்கு நான்கு வழி என்றால், அலுப்பு வரப் பல ஆண்டுகள் ஆகும்.

அகலம் மட்டும் இருந்து கோணத்துக்குப் பயன் இல்லையென்றால் அலுப்பு வரத்தான் செய்யும். கிரீன் தட்டையாக, எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரே மாதிரி வாங்கிக்கொள்வதாக இருந்தால் அகலம் வெறும் புல் வெட்டும் செலவு.

பந்து தொலைவது அவ்வளவு பெரிய விஷயமா?

தினசரி ஆட்டத்தின் இன்பத்தை எது அதிகம் கெடுக்கிறது என்றால், இதுதான். 2019 விதிகளின்படி தேடும் நேரம் 5 நிமிடத்திலிருந்து 3 நிமிடமாகக் குறைக்கப்பட்டது. நான்கு பேர் குழுவில் ஆளுக்கு இரண்டு முறை பந்து தேடினால் அதுவே 24 நிமிடம். பின்னால் வருபவர்கள் எல்லோரும் அதைச் சேர்ந்து அனுபவிக்கிறார்கள்.

வழக்கமாகப் பந்து விழும் தூரத்தில், அதாவது டீயிலிருந்து 150 முதல் 250 கஜம் வரை, ரஃப் 5 செ.மீ. அளவுக்கு மேல் வளரக் கூடாது. அங்கே விழுந்த பந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும், அடிக்கச் சற்றுச் சிரமமாக இருந்தால் போதும். புதர் வேண்டுமென்றால் ஆட்டப் பாதையிலிருந்து தள்ளி இருக்கட்டும். மரத்தின் கீழ்க்கிளைகளை ஆள் உயரத்துக்கு நறுக்கிவிட்டால் பந்தும் கிடைக்கும், தாழ்வாக அடித்துத் தப்பிக்க ஒரு வழியும் இருக்கும். தப்பிக்கும் அடியில் உள்ள சந்தோஷத்தை அனுபவித்தவர்கள் யாரும் அடர்ந்த புதரைக் கேட்க மாட்டார்கள்.

எனக்கு எந்த டீ சரி? பின் டீயிலிருந்து ஆடினால்தானே முழு மைதானத்தையும் ஆடியதாகும்?

டீயிலிருந்து தூரமாக அடிக்கும் மட்டையான டிரைவரால் நீங்கள் சராசரியாக எவ்வளவு தூரம் அடிக்கிறீர்கள் என்பதே அளவுகோல். சராசரி என்றால் சராசரி; எப்போதோ சரிவில் உருண்டு போன ஒரு பந்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். அமெரிக்க கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ.வும் அந்நாட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கமான பி.ஜி.ஏ.வும் 2011இல் ஓர் அட்டவணை தந்தன. டிரைவர் 200 கஜம் போகிறவருக்கு மொத்த நீளம் 5,200 முதல் 5,400 கஜம். 225 கஜம் என்றால் 5,800 முதல் 6,000. 250 கஜம் என்றால் 6,200 முதல் 6,400. 150 கஜம் போகிறவருக்கு 3,500 முதல் 3,700 போதும். இன்னொரு எளிய கணக்கு: உங்கள் 5ஆம் எண் அயர்னால் (இரும்புத் தலை மட்டை) பந்து போகும் தூரத்தை 36ஆல் பெருக்குங்கள்.

2022 ஓப்பனில் ஓல்டு கோர்ஸின் நீளம் 7,313 கஜம். 200 கஜம் அடிப்பவர் அதை ஆடினால், பார் 4 ஹோல்கள் (தேர்ந்தவர் நான்கு அடியில் முடிக்க வேண்டியவை) பலவற்றில் இரண்டாவது அடியிலும் கிரீனைத் தொட மாட்டார். கிரீனை எட்டாதவருக்கு மேலே சொன்ன கோணம், கொடி, தேர்வு எல்லாம் வீண். முன் டீக்கு வருவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

மைதானம் நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். முன் டீயைப் பெயருக்கு ஃபேர்வேயில் இரண்டு கல் வைத்துக் காட்டாதீர்கள். சமப்படுத்தி, புல் வளர்த்து, நல்ல கோணத்தில் அமையுங்கள். அங்கிருந்து ஆடுபவர்களும் அதே கட்டணம்தான் கட்டுகிறார்கள்.

கிரீன் எவ்வளவு வேகமாக இருக்க வேண்டும்?

வேகத்தை ஸ்டிம்ப்மீட்டர் என்ற கருவியால் அளக்கிறார்கள். 36 அங்குல நீளத்தில், நடுவே பள்ளம் ஓடும் ஓர் உலோகப் பட்டை அது. சமதளத்தில் வைத்து மெல்ல உயர்த்தினால், ஏறத்தாழ 20 பாகைச் சாய்வில் பந்து தானே விடுபட்டு உருளும். ஒரு திசையில் மூன்று பந்து, எதிர்த்திசையில் மூன்று பந்து. உருண்ட தூரத்தின் சராசரியை அடியில் சொல்வார்கள். எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1930களில் இதை உருவாக்கினார்.

தினசரி ஆட்டத்துக்கு 8 முதல் 10 அடி நன்றாகப் போதும். தொலைக்காட்சியில் 12, 13 என்று கேட்டுவிட்டு அதையே உள்ளூரிலும் கேட்பவர்கள், அதற்குக் கொடுக்கும் விலையைப் பார்ப்பதில்லை.

வேகம் கூடினால் சரிவில் பந்து நிற்காது. 10, 11 அடி வேகத்தில் 3 சதவீதத்துக்கு மேல் சரிந்த இடத்தில் குழி வைத்தால், தவறிய பந்து உருண்டுகொண்டே போகும். அப்படியானால் மேடும் பள்ளமுமான பழைய கிரீனில் குழி வைக்கத் தகுந்த இடம் சுருங்கிவிடும். மூன்று நான்கு இடங்களிலேயே திரும்பத் திரும்ப வைப்பார்கள். அங்கே காலடி பட்டுப் புல் தேயும். கடைசியில் கிரீனையே தட்டையாக்கலாம் என்ற பேச்சு எழும். மேடு பள்ளம் போனால் அந்த கிரீனின் சுவையும் போயிற்று. வேகத்துக்காகப் புல்லை 3 மி.மீ.க்கும் கீழே வெட்டும்போது வெயில், நோய், பாசி எல்லாவற்றுக்கும் அது முதல் இரையாகும். மூன்று முறை பட் செய்பவர்கள், அதாவது கிரீனில் பந்தைக் குழியை நோக்கி மூன்று முறை உருட்டுபவர்கள், கூடுவதால் நேரமும் கூடும்.

வேகத்தைவிடப் பந்து குதிக்காமல் உருள்வதே முக்கியம். 8 அடியில் பட்டுப்போல உருளும் கிரீன், 11 அடியில் தத்தித் தத்தி ஓடும் கிரீனைவிட ஆயிரம் மடங்கு மேல். அதற்கு அடிக்கடி மெல்லிய மணல் தூவல், புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே சேரும் காய்ந்த தண்டுக் குப்பையை அகற்றுதல், அளவான உரம் ஆகியவையே வழி. 1865 முதல் 1903 வரை ஓல்டு கோர்ஸைப் பராமரித்த ஓல்டு டாம் மோரிஸ் அந்தக் காலத்திலேயே மணலை நம்பியவர்.

குழியின் இடத்தைத் தினமும் மாற்றுவது ஏன்? எப்படி?

புல் ஓய்வெடுக்கவும், ஆட்டம் புதிதாகவும். ஒரே மைதானம் தினமும் வேறு மைதானமாக மாறுவதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது. ஓல்டு கோர்ஸில் ஏழு கிரீன்கள் இரட்டை. போகிற ஹோல் ஒன்றும் திரும்புகிற ஹோல் ஒன்றும் ஒரே பரப்பைப் பகிர்கின்றன. 2ஆவதும் 16ஆவதும், 5ஆவதும் 13ஆவதும் என்று எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18 வரும். 5, 13 பகிரும் கிரீன் 37,000 சதுர அடிக்கும் மேல். அவ்வளவு இடம் இருந்தால் மாதம் முழுக்க ஒரே இடத்தில் இருமுறை குழி வைக்க வேண்டியதில்லை.

சிறிய கிரீன் உள்ளவர்கள் அதை முன், நடு, பின் என்று மூன்றாகவும், ஒவ்வொன்றையும் இடம், வலம் என்றும் பிரித்து, ஆறு கட்டங்களாகச் சுழற்றலாம். ஓரத்திலிருந்து குறைந்தது நாலைந்து எட்டு தள்ளி இருக்கட்டும். குழியைச் சுற்றி இரண்டு மூன்று அடிக்குச் சரிவு மாறக் கூடாது. ஒரு நாளில் 18 குழியும் கடினமாகவோ எல்லாம் சுலபமாகவோ வேண்டாம். ஆறு, ஆறு, ஆறு என்று கலந்தால் நல்லது.

குழியின் விட்டம் 108 மி.மீ. வெட்டும் கருவியைச் செங்குத்தாகப் பிடிக்காவிட்டால் ஒரு பக்க விளிம்பு உயர்ந்து பந்தைத் தள்ளும். உள்ளே வைக்கும் கிண்ணம் தரைமட்டத்துக்குக் குறைந்தது 25 மி.மீ. கீழே இருக்க வேண்டும். பழைய குழியை அடைக்கும் மண்கட்டி மேடாக நின்றால் அறுக்கும் இயந்திரம் அதைச் சுரண்டிவிடும். பள்ளமாக இருந்தால் பந்து விலகும். மட்டம் பார்த்து, அழுத்தி, ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டு நகருங்கள்.

தரை கெட்டியாக, பந்து ஓடும்படி இருக்க வேண்டும் என்கிறார்களே. பச்சைப்பசேல் என்று இருந்தால்தானே அழகு?

ஈரத் தரையில் பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும். பலசாலிக்கு அது வசதி. தூரம் குறைவாக அடிப்பவருக்கு உருளல் என்ற உதவி போய்விடுகிறது. கெட்டித் தரையில் 70 வயதுக்காரர் கிரீனுக்கு 40 கஜம் முன்னால் பந்தைப் போட்டு உருட்டிவிடலாம். இளைஞர் அதை உயரத் தூக்கி இறக்கலாம். இருவரும் ஒரே கொடிக்குப் போகிறார்கள்.

இதற்குக் கிரீனின் முன்வாசல் கெட்டியாக இருக்க வேண்டும். பல மைதானங்களில் கிரீனுக்குத் தண்ணீர் பாய்ச்சும் தெளிப்பான்கள் முன்னால் 15, 20 கஜத்தையும் நனைத்துச் சதுப்பாக்கிவிடுகின்றன. கிரீன் கெட்டி, வாசல் சொதசொதப்பு என்றால் உருட்டி ஆட வழியே இல்லை. தெளிப்பானின் சுற்றுக் கோணத்தை மாற்றி, வாசலுக்கும் கிரீனைப் போலவே மணல் தூவி வந்தால் இரண்டு மூன்று பருவங்களில் மாற்றம் தெரியும். கொஞ்சம் பழுப்பு நிறம் நோயின் அறிகுறி ஆகாது. கடற்கரை மணல்மேட்டில் ஃபெஸ்க்யூ புல் வளரும் ஓல்டு கோர்ஸ் கோடையில் அந்த நிறத்தில்தான் இருக்கும்.

எத்தனை பங்கர் வேண்டும்?

எண்ணிக்கைக்கு விதி கிடையாது. ஓல்டு கோர்ஸில் 112. சாமர்த்தியமாக வைத்தால் முப்பதிலும் சிறப்பாக ஆட்டம் அமையும். நல்ல ஆட்டக்காரர் ஆசைப்படும் இடத்தை ஒட்டி ஒரு பங்கர் இருந்தால் அது கேள்வி கேட்கிறது. வழுக்கி அடித்த புதியவர் விழும் இடத்தில், டீயிலிருந்து 120 கஜத்தில், ஓரமாக ஒன்று இருந்தால் அது ஏற்கெனவே துன்பப்படுபவரை மேலும் அடிக்கிறது. அதை மூடிவிடலாம், பராமரிப்புச் செலவும் குறையும்.

மணல், பங்கரின் அடித்தளத்தில் 10 முதல் 15 செ.மீ., சரிவான முகத்தில் 5 முதல் 8 செ.மீ. போதும். முகத்தில் ஆழம் அதிகமானால் பந்து புதைந்துவிடும். உருண்டையான மணிகள் கொண்ட மணலிலும் அதே தொல்லை. கூர்முனை மணல் பந்தைத் தாங்கும்.

ஸ்லோப் எண் அதிகமுள்ள மைதானம்தான் சிறந்ததா?

இல்லை. சராசரி ஆட்டக்காரருக்கு அந்த மைதானம், தேர்ந்தவரோடு ஒப்பிட்டால், எவ்வளவு கூடுதல் கடினம் என்பதைத்தான் ஸ்லோப் சொல்கிறது. 55 முதல் 155 வரை, நடுநிலை 113. தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நான்கு பேர் சுற்று நான்கு மணி நேரத்தில் முடிய என்ன செய்யலாம்?

நெரிசலின் வேர் பெரும்பாலும் பார் 3 ஹோல்தான். பார் 4இல் ஒரு குழு கிரீனில் இருக்கும்போது அடுத்த குழு டீயில் அடிக்கலாம். பார் 3இல் முன் குழு முடித்து நகரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு குழு அதற்கு 10 நிமிடம் எடுக்க, நீங்கள் 8 நிமிடத்துக்கு ஒரு குழுவை அனுப்பினால், குழுவுக்கு 2 நிமிடம் வீதம் வரிசை சேரும். பத்தாவது குழு 18 நிமிடம் நிற்கும். எவ்வளவு விரட்டினாலும் பயனில்லை. இடைவெளியை 10 நிமிடமாக்குவதே தீர்வு.

முதல் ஹோலும் முக்கியம். ஓல்டு கோர்ஸின் 1ஆவதும் 18ஆவதும் ஒரே பெரிய புல்வெளியைப் பகிர்கின்றன. வழியில் ஒரு பங்கர்கூடக் கிடையாது, கிரீனுக்கு முன்னால் ஸ்வில்கன் ஓடை மட்டும். எல்லோரும் அடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். முதல் ஹோலிலேயே ஏரியைத் தாண்டச் சொன்னால் அன்றைய நாள் அங்கேயே தேங்கும்.

ஆடுபவர்கள் செய்யக்கூடியது: யார் தயாரோ அவர் முதலில் அடிப்பது, மட்டைகளையும் பையையும் அடுத்த டீ இருக்கும் பக்கம் வைப்பது, ஸ்கோரை அடுத்த டீயில் எழுதுவது. கிரீனிலிருந்து அடுத்த டீக்கு நடை குறைவாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. தினமும் நடந்து ஆட முடிகிற மைதானமே தினமும் ஆடக் கூடியது.

ஒரு ஹோலில் எட்டு, ஒன்பது என்று போய்விட்டால் மீதி நாளே கசந்துவிடுகிறது. வழி உண்டா?

ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் ஆடுங்கள். டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு உருவாக்கி, 1932இல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் போட்டியாக நடந்தது. ஹேண்டிகேப்பை (திறமைக்கேற்பத் தரப்படும் சலுகை அடிகள்) கழித்தபின் பாருக்கு 2 புள்ளி, ஒன்று கூடினால் 1, ஒன்று குறைந்தால் 3. இரண்டு கூடினால் பூஜ்யம். பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஹோலுக்குப் போகலாம். கெட்ட ஹோல் அங்கேயே முடிந்துவிடும், பின்னால் வருபவரும் காத்திருக்க மாட்டார்.

நம் ஊர் வெப்பத்துக்கும் மழைக்கும் இவையெல்லாம் பொருந்துமா?

அகலம், டீ, குழி மாற்றம் எங்கும் பொருந்தும். புல் மட்டும் வேறு. சமவெளியில் பெர்முடா, அதாவது நம் அருகம்புல்லின் இனம். அதற்கு நிழல் ஆகாது. கிரீனின் கிழக்கில் பெரிய மரம் நின்று காலை வெயிலை மறைத்தால் எவ்வளவு உரமிட்டாலும் புல் மெலியும். களிமண் தரையில் மழைக்குப் பின் நாள்கணக்கில் நடக்க முடியாது. ஒவ்வொரு முறையும் 2, 3 மி.மீ. மணல் என்று ஆண்டுக்கணக்கில் தூவினால் மேலே வடியும் படலம் ஒன்று உருவாகும். பெர்முடா ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்வதால் பட் செய்யும் பந்தின் வேகமும் மாறும். குழியின் விளிம்பைப் பாருங்கள்: எந்தப் பக்கம் நைந்து காய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் புல் சாய்கிறது.

ஊட்டியில் நிலைமை வேறு. குளிர், உயரம், அதோடு ஓல்டு கோர்ஸின் ஓரங்களில் பந்தை விழுங்கும் அதே மஞ்சள் பூ முட்புதரான கார்ஸ் நீலகிரியிலும் பரவியிருக்கிறது. மெல்லிய காற்றில் பந்து சமவெளியைவிடத் தூரம் போகும். ஓர் எண் கூடிய, அதாவது தூரம் சற்றுக் குறைவாக அடிக்கும், அயர்ன் எடுத்தால் சரியாக இருக்கும்.

மைதானம் நன்றாக இருக்க ஆடுபவர் என்ன செய்ய வேண்டும்?

கிரீனில் பந்து விழுந்த பள்ளத்தைச் சரிசெய்யுங்கள். முள்கருவியைப் பள்ளத்தின் விளிம்புக்கு வெளியே குத்தி, புல்லை நடுவை நோக்கித் தள்ளுங்கள். நாலு பக்கமும் தள்ளியபின், பட் செய்யும் மட்டையான பட்டரால் தட்டிச் சமப்படுத்துங்கள். அடியிலிருந்து நெம்பித் தூக்கக் கூடாது. வேர் அறுந்து அந்த இடம் பழுப்பாகும். ஒழுங்காகச் சரிசெய்த பள்ளம் சில நாளில் ஆறும், விட்டது வாரக்கணக்கில் கிடக்கும்.

ஃபேர்வேயில் பெயர்ந்த புல்கட்டியைக் குளிர்நாட்டுப் புல் என்றால் திரும்ப வைத்து மிதிக்கலாம். பெர்முடாவில் அது பெரும்பாலும் வேர்பிடிக்காது. பள்ளத்தில் மணல் நிரப்பிக் காலால் தரைமட்டத்துக்குத் தேயுங்கள், பக்கத்துத் தண்டுகள் ஊர்ந்து மூடிவிடும்.

மைதானத்துக்கு விடுமுறை அவசியமா?

அவசியம். ஓல்டு கோர்ஸ் பெரிய போட்டிகள் தவிர ஞாயிறுகளில் ஆட்டத்துக்கு மூடப்படுகிறது. அன்று ஊர்க்காரர்கள் குழந்தைகளோடும் நாய்களோடும் ஃபேர்வேயில் நடக்கிறார்கள். குளிர்காலத்தில் புல் வளராத மாதங்களில், ஃபேர்வேயில் விழுந்த பந்தைச் சிறு பாய்த்துண்டின் மேல் வைத்து அடிக்க வேண்டும். நம் ஊரில் அந்த ஓய்வு நாளை மழைக்குப் பிந்தைய பராமரிப்போடு சேர்த்துக்கொள்ளலாம்: வாரத்தில் ஒரு காலை, கிரீனில் துளையிட்டு மணல் தூவ அரை நாள். எந்த நாள் என்பதை ஒரு மாதம் முன்னதாக அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டால், வந்து திரும்பிப் போகும் ஆத்திரம் யாருக்கும் இருக்காது.